பௌதிகம் என்னிடம், ரசாயனம் அவனிடம்

புத்தகத்தை நடுவில் பிரிக்கலாம் என்று சொன்னவன் அவன். பிரித்தவன் நான். யுத்த காலம், காகிதத்துக்குப் பஞ்சம். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கான பௌதிக ரசாயன வினா விடைப் புத்தகம் அரியலூரில் ஒரே கடையில் ஒரே ஒரு பிரதிதான் இருந்தது. இருவரும் பங்கு போட்டு வாங்கினோம். வாங்கி வந்த அன்றைக்கே யார் முதலில் படிப்பது என்று சண்டை. சண்டை என்றால் நான் மட்டும் போட்டது. கடைசியில் தையலை அறுத்துப் பௌதிகத்தைத் தனியாகவும் ரசாயனத்தைத் தனியாகவும் எடுத்து, பழுப்புத் தாளில் ஆளுக்கொரு அட்டை போட்டுக்கொண்டோம். பௌதிகம் என்னிடம், ரசாயனம் அவனிடம். வாரத்துக்கு ஒரு தடவை மாற்றிக்கொள்வதாகப் பேச்சு.

அவன் விக்கிரமங்கலத்துப் பக்கம். நான் ஏலாக்குறிச்சிப் பக்கம். இரண்டு பேர் வீட்டிலும் விவசாயம்தான். அரியலூரில் ஓர் எண்ணெய்க் கடைக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துத் தங்கி, ஒரே ஸ்கூலில் ஒரே வகுப்பில் படித்தோம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவனுக்குக் கோபம் என்ற ஒன்று இருப்பதே தெரியாது. அதனாலேயே எனக்கு அவன் மேல் இன்னும் கொஞ்சம் கோபம் வரும்.

அவன் அப்பாவை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். மனிதர் கண்டிப்பானவர். வருஷ ஆரம்பத்திலேயே கறாராகச் சொல்லிவிட்டார். "இந்த ஒரு தடவதான். தேறிட்டன்னா திருச்சிக்குக் காலேஜுக்கு அனுப்பறேன். தேறலன்னா வந்து ஏரப் புடிச்சுக்க. ரெண்டாந் தடவைங்கற பேச்சே கெடையாது." அவனுக்குக் காலேஜ் என்றால் வேறு எதுவும் இல்லை, ரசாயனம்தான். எங்கள் ஸ்கூலில் பரிசோதனைச் சாமான்கள் எல்லாம் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். உடைந்தால் யுத்தம் முடியும் வரை வேறு வராது என்று வாத்தியார் சாவியை வெளியே எடுக்கவே மாட்டார். "இது குடுவை, இது புனல்" என்று கண்ணாடிக்கு வெளியிலிருந்தே பிரம்பால் காட்டுவார். பாடத்தில் வரும் வாயு அத்தனையையும் நாங்கள் வாயாலேயே தயாரித்தவர்கள்தான்.

"காலேஜுக்குப் போனா மொதல்ல ஆசிட்டத் தொட்டுப் பாக்கணும்டா" என்பான்.

"தொட்டா விரலு வெந்துடும்டா மடையா."

"வேகட்டுமே."

இப்படிப்பட்டவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது! ஒரு நாள் ஓடையிலிருந்து சுண்ணாம்புக் கல் பொறுக்கிக்கொண்டு வந்தான். எங்கள் பக்கம் அதற்கா பஞ்சம்? கடைக்காரர் வீட்டம்மா ஊறுகாய்க்கு வைத்திருந்த எலுமிச்சம்பழத்தில் ஒன்றை எடுத்து, கல்லை நுணுக்கி, அதன் மேல் பிழிந்தான். பொடிப் பொடியாகக் குமிழி வந்தது. "பொங்குதுடா! கரியமில வாயுடா!" என்று அவன் போட்ட கூச்சலில் அந்த அம்மா ஓடிவந்தார். பிழிந்து போட்ட மூடியைப் பார்த்தார். அன்றைக்கு வாங்கிக்கட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது. அவன் அந்தத் திட்டையும் சிரித்த முகமாகவே கேட்டுக்கொண்டு நின்றான்.

நாங்கள் படித்த முறையைச் சொல்லிவிடுகிறேன். ஒருவன் கேள்வி வாசிப்பான். மற்றவன் எழுந்து நின்று, வாத்தியார் சொன்னபடி ஒண்ணு, ரெண்டு என்று வரிசை போட்டு விடை சொல்ல வேண்டும். ஒரு வரி தவறினால் மண்டையில் குட்டு. என் மண்டைதான் அதிகம் வாங்கியது. அவனுக்கு ஒரு தடவை படித்தால் போதும், கல்லில் வெட்டின மாதிரி நின்றுவிடும். எனக்குப் படிக்கும்போது எல்லாம் புரியும், புத்தகத்தை மூடினால் ஒன்றும் இருக்காது. ரசாயனம் சுத்தம். அவன் கேட்டுக் கேட்டுத்தான் என் தலைக்குள் ஏதோ கொஞ்சம் ஏறியது.

பரீட்சைக்கு முன்னால் லீவு விட்டார்கள். அவரவர் ஊருக்குப் போய்ப் படிப்பது, ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கும் ஓர் இலுப்பைத் தோப்பில் சந்தித்துப் புத்தகத்தை மாற்றிக்கொள்வது என்று ஏற்பாடு. நான் மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பௌதிகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு போய்த் தோப்பில் உட்கார்ந்தேன். அவன் வரவில்லை. வெயில் ஏறியது, இறங்கவும் ஆரம்பித்தது. அவனை எனக்குத் தெரிந்த வசவு எல்லாவற்றாலும் திட்டினேன். ரசாயனத்தையும் தானே வைத்துக்கொண்டு முதல் மார்க் வாங்கப் பார்க்கிறான் என்றுகூட நினைத்தேன். மறுநாள் விடியும்போதே கிளம்பி அவன் ஊருக்கு நடந்தேன், நேரில் நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று.

அவன் வீட்டு வாசல் நிலையில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. பார்த்ததும் கால் அப்படியே நின்றுவிட்டது. பங்குனி மாதம், ஊரில் அங்கங்கே அம்மை என்று கேள்விப்பட்டிருந்தேன். கேள்விப்படுவது வேறு.

அவன் அம்மா உள்ளேயிருந்தே பேசினார். "உள்ள வராத தம்பி. ஆத்தா வந்திருக்கா."

"எனக்குத்தான் சின்ன வயசுலயே வந்து போயிடுச்சே அத்தை. மூஞ்சியப் பாருங்க."

"அதுக்கில்லப்பா. வெளி ஆளு யாரும் வரக் கூடாது. தலைக்குத் தண்ணி ஊத்தற வரைக்கும் அவ இருக்கற வூடு இது."

எனக்கு அப்போது வாயில் வந்த அடுத்த கேள்வி புத்தகம்தான். யார் என்ன சொன்னாலும் சொல்லட்டும், அந்த வயசில் அப்படித்தான் வரும். "அப்ப அந்த ரசாயனப் புத்தகத்த மட்டும் எடுத்துக் குடுங்க அத்தை."

"வூட்டுல இருந்து ஒரு துரும்பு வெளிய போகக் கூடாதுப்பா. பக்கத்து வூட்டுக்கு நெருப்பு கூடக் குடுக்கறதில்ல. புத்தகத்த அவன் தலமாட்டுல வச்சிருக்கான், அது இப்ப அவ பொருளு."

எங்களுக்கும் தெரியாத வழக்கமில்லை. நாங்கள் மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், ஆனால் அம்மை என்று வந்துவிட்டால் எங்கள் வாசலிலும் வேப்பிலைதான், எங்கள் வீட்டிலும் தாளிப்புச் சத்தம் கேட்காது. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினேன். அப்போதுதான் உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது, தொண்டை கட்டின மாதிரி.

"டேய், கொல்லப் பக்கம் வாடா."

கொல்லைச் சுவரில் காற்றுக்காக உள்ளங்கை அகலத்தில் ஒரு துவாரம் விட்டிருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம் அவன் படுத்திருந்தான். வாழை இலையும் வேப்பிலையும் கலந்த வாசம் வந்தது. நான் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன். உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் கேட்பதற்குள் அவன் கேட்டான், "பௌதிகத்துல எது வரைக்கும் முடிச்ச?"

"மூதேவி, ஒனக்கு இப்ப அதுவாடா முக்கியம்?"

"பின்ன? பரீட்சைக்குள்ள தண்ணி ஊத்திருவாங்க. நான் வந்துருவேன். நீ பௌதிகத்துல இருந்து கேளு, நான் ரசாயனத்துல இருந்து கேக்கறேன்."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் நடந்துபோய் அந்தச் சுவர் ஓரம் உட்காருவேன். அவன் உள்ளே படுத்தபடி ரசாயனக் கேள்வியை வாசிப்பான், நான் வெளியே விடை சொல்வேன். தவறினால் சுவரில் ஒரு தட்டு. அதுதான் குட்டு. அவன் அம்மா இடையில் வந்து, "மெதுவாடா, ஆத்தாவுக்குச் சத்தம் ஆகாது" என்பார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பாஸ்பரஸின் குணங்களைச் சொல்வோம். தெருவில் போகிறவர்கள் என்னைப் பார்த்து, பையனுக்கு என்ன ஆச்சு, சுவரோடு பேசுகிறான் என்று நினைத்திருப்பார்கள்.

ஒரு நாள் அவன் கேள்வி வாசிக்கவில்லை. நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "எழுத்து தெரியலடா. எமை ஒட்டிக்கிச்சு" என்றான். பிறகு அவசரமாக, "பரவால்ல, எனக்குத்தான் பூரா மனப்பாடமாச்சே. புத்தகம் எதுக்கு? கேக்கறேன், சொல்லு" என்றான். கேட்டான். ஒரு கேள்விகூட வரிசை பிசகவில்லை.

நான் எழுந்து வாசல் பக்கம் ஓடினேன். மாமா வேலி ஓரம் குந்தியிருந்தார். அத்தை நிலைக்குள் நின்றபடி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "கண்ணுக்குள்ளயும் முத்து எறங்கிடுச்சு தம்பி" என்றார்.

"மாமா, அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிடலாம். வண்டி கட்டுங்க."

"அவ வந்து எறங்கியிருக்கற வூட்டுல இருந்து புள்ளயத் தூக்கிக்கிட்டுப் போறதா? என்னடா பேசற?"

"கண்ணு போயிடும் மாமா!"

கத்தியேவிட்டேன். அவர் என்னை அறைவார் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் தேவலை. முரட்டுக் காளையைக் கொம்பைப் பிடித்து நிறுத்துகிற மனிதர், என்னைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். "அப்பிடிச் சொல்லாதடா சாமி. அவ காதுல விழுந்துடும். நான் ராவும் பகலும் வேண்டிக்கிட்டு இருக்கேன்டா."

அவரைத் திட்டுவதா, கட்டிக்கொண்டு அழுவதா என்று தெரியவில்லை. வெகு காலம் கழித்து ஒரு டாக்டரிடம் இதைச் சொன்னபோது, அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் அவர்களிடம் ஒரு மருந்தும் இருந்திருக்காது என்றார். அதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வரவில்லை. கோபப்படுவதற்காவது யாராவது ஓர் ஆள் வேண்டாமா!

கடைசியாக நான் போன அன்று அவன் சொன்னான், "என் ஹால் டிக்கட்டையும் வாங்கி வச்சிருடா. அன்னிக்குக் காலையில நேரா வந்துடறேன். கண்ணு தொறந்துடும்." நான் சரி என்றேன்.

வாங்கி வைத்தேன். பரீட்சை அன்று காலையில் ஸ்கூல் வாசலிலேயே நின்றேன். விக்கிரமங்கலம் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு வண்டியையும் பார்த்தேன். மணி அடித்தது. உள்ளே போய் உட்கார்ந்தேன். அவன் இடம் எனக்கு நேர் பின்னால். மேற்பார்வைக்கு வந்தவர் அவன் நம்பரைப் படித்தார். பதில் இல்லை. இன்னொரு தடவை படித்தார். பிறகு பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு அடுத்த நம்பருக்குப் போனார். அவ்வளவுதான், வேலை முடிந்தது. எனக்கு அந்தப் பென்சிலைப் பிடுங்கி ஒடித்துப் போட வேண்டும் போல இருந்தது. தலையைக் குனிந்துகொண்டு எழுதினேன். ரசாயனத்தில் வந்த கேள்வி ஒவ்வொன்றுக்கும் விடை அவன் குரலிலேயே ஞாபகம் வந்தது.

தண்ணீர் ஊற்றிவிட்டார்கள் என்று தெரிந்ததும் கேள்வித்தாள்களை எடுத்துக்கொண்டு போனேன். வேப்பிலை இல்லை. உள்ளே போகலாம் என்றார்கள். கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் குழி குழியாக, என் முகத்தைப் போலவே. என் காலடிச் சத்தம் வந்த பக்கம் திரும்பினான். இரண்டு கண்ணிலும் பால் ஊற்றின மாதிரி வெள்ளை பூத்திருந்தது.

"கேள்வித்தாள் கொண்டாந்தியா? படி."

அட கடவுளே, இவன் என்ன மனுஷன்! கேள்வித்தாளைப் பிரித்துப் படித்தேன். முதல் கேள்விக்கு விடை சொன்னான். சரி. அடுத்தது. சரி. ரசாயனம் முடிந்து பௌதிகம். நான் தப்பாக எழுதியிருந்த ஒரு கணக்கைக்கூட மனசுக்குள்ளேயே போட்டுச் சரியான விடையைச் சொன்னான். அத்தை அடுப்பங்கரை வாசலில் வந்து நின்றார். மாமா மூலையில் உட்கார்ந்து கயிறு திரித்துக்கொண்டிருந்தவர், எப்போது நிறுத்தினார் என்று தெரியவில்லை, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிக் கேள்வியும் முடிந்தது.

"இதெல்லாம் பரீட்சைல கேட்டதுதானா?" என்றார் மாமா.

"ஆமா மாமா."

"அத்தனயும் சரியாச் சொன்னானா?"

"என்னை விட நல்லாச் சொன்னான் மாமா."

"அப்பறம் என்னடா?" என்று எழுந்தார். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது. "கையால எழுத முடியல, அவ்வளவுதான? வாயால சொல்லிட்டான். நீ கேட்ட, நான் கேட்டேன். ஒரு காணி நெலத்த எழுதி வாங்கறதுக்கே ரெண்டு பேரு சாட்சி போதும்னு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஒத்துக்கறான். ஒரு பரீட்சைக்கு ஒத்துக்க மாட்டாங்களா? கெளம்பு. அந்த ஹெட்மாஸ்டரப் பாத்துட்டு வந்துடுவோம்."

"வேணாம்ப்பா, அப்பிடியெல்லாம் செய்ய மாட்டாங்க" என்றான் அவன். சொல்லிவிட்டு, என் பக்கமாகத் தலையைச் சாய்த்து, மெதுவாக, "செய்வாங்களாடா?" என்று கேட்டான்.

இல்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் கோடு போட்ட பென்சிலை நான் பார்த்தவன். ஆனால் அந்த வீட்டில், அத்தனை பேருக்கு நடுவில், அந்தச் சொல் என் வாயிலிருந்து வரவில்லை. "கேட்டுப் பாக்கலாம்" என்றேன்.

அத்தை அவனுக்கு எண்ணெய் தடவி, படிய வாரி, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டார். மாமா வண்டி கட்டினார். வழி நெடுக அவருக்குப் பேச்சு ஓயவில்லை. ஹெட்மாஸ்டர் எப்படிப்பட்டவர், காலேஜில் கண் தெரியாத பையனுக்கு யார் படித்துக் காட்டுவார்கள், ஓர் ஆளைக் கூட அனுப்பினால் போதுமா என்று என்னைக் கேட்டுக்கொண்டே வந்தார். நான் உம், உம் என்றேன். அவன் வைக்கோல் மேல் உட்கார்ந்து வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டு வந்தான். காதைக் கொடுத்துக் கேட்டேன். பாடம் சொல்லிப் பார்க்கிறான்.

லீவு நாள் என்பதால் ஸ்கூலில் கூட்டமில்லை. ஹெட்மாஸ்டர் ஆபீஸ் அறையிலிருந்து வெளியே வந்தார். மாமா துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் அடுக்காகச் சொன்னார். ஹெட்மாஸ்டர் இரண்டு தடவை ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமா இடம் கொடுக்கவில்லை.

"என் வார்த்தைய நம்ப வேணாங்கய்யா. வண்டிலதான் உக்காந்திருக்கான். நீங்களே ஒரு கேள்வி கேளுங்க."

அவர் நல்ல மனிதர். கேட்க மாட்டேன் என்று சொல்லத் தெரியவில்லை அவருக்கு. வண்டிப் பக்கம் வந்து அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த சுலபமான கேள்வியாக ஒன்றைத் தேடிக் கேட்டார்.

"வெப்பமானியில பாதரசத்த ஏன் உபயோகிக்கிறோம், சொல்லுப்பா."

அவன் வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றான். ஹெட்மாஸ்டர் குரல் வந்த பக்கம் நேராக முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"சார். ஒண்ணு, அது பளபளப்பா இருக்கறதால கண்ணுக்கு நல்லாத் தெரியும். ரெண்டு, கண்ணாடியில ஒட்டாது. மூணு, சூடு ஏற ஏற ஒரே சீரா விரியும். நாலு, சூட்டச் சட்டுனு கடத்தும்."

ஹெட்மாஸ்டர் கீழே குனிந்து தரையைப் பார்த்தார். "சரியான விடை" என்றார்.

"கேட்டீங்களாய்யா!" மாமா கும்பிட்டார். "அப்ப பாஸ்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. சாட்சிக்கு இந்தப் பையன் இருக்கான்" என்று என் முதுகில் கை வைத்து என்னை முன்னால் தள்ளினார்.

நான் சாட்சியாக நின்றேன். ஹெட்மாஸ்டரின் சட்டைப் பையில் பேனா இருந்தது. அவர் கை அதன் பக்கம் போகவில்லை. அவர் என்னைப் பார்த்தார், நீயாவது சொல்லக் கூடாதா என்கிற மாதிரி. நான் மாட்டின் காலைப் பார்த்தேன். மாமா கூப்பிய கையை இறக்காமல் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன்தான் பேசினான்.

"அப்பா, மாடு வெயில்ல நிக்குது. வண்டியத் திருப்புங்க."

மாமா அசையவில்லை. நான் போய் நுகத்தடியைப் பிடித்து வண்டியைத் திருப்பினேன்.